ஐம்பது மீட்டருக்குள் ஒரு சாமி

"பயந்தாங்கொள்ளிக்கு எதுக்கும்மா துப்பறியுற சோலி?"

ஆறு வருஷத்துக்கு முன்னால், ராஜபாளையத்தில் வெங்கடேஸ்வரி துப்பறியும் அலுவலகம் திறந்த அன்று, வாழ்த்த வந்த இன்ஸ்பெக்டர் ரத்தினம் அவளிடம் கேட்ட கேள்வி இது. அவள் சிரித்து மழுப்பிவிட்டாள். பதில் தெரியாமல் இல்லை. தைரியசாலி ஒரு தெருவை ஒரு தடவைதான் பார்ப்பான். பயந்தவள் இரண்டு தடவை பார்ப்பாள்.

இன்று காலை எட்டரை மணிக்கு அவள் அலுவலகப் படிக்கட்டை நான்கு தடவை பார்த்துவிட்டாள். மூன்றாவது படியில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. அதன் நடுவில் துருப்பிடித்த ஆணி.

"ஜூஸ் போடலாம்னா ஆணியப் பிடுங்கணுமேக்கா," என்றான் கௌதம்ராஜ். அவளுடைய உதவியாளன். வேனும் ஓட்டுவான். வாயும் ஓட்டுவான், அதற்குத்தான் பிரேக் கிடையாது.

"தொடாதே."

"தொடல. தாண்டுறேன். நீங்களும் சேலையத் தூக்கிட்டுத் தாண்டுங்க."

உள்ளே பெஞ்சில் கருத்தம்மா உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, கீழே இருக்கும் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் துணி மடிப்பவள். ஐம்பது வயதிருக்கும். மடியில் துணி எதுவும் இல்லை. ஆனாலும் அவள் கைகள் எதையோ மடித்துக்கொண்டே இருந்தன.

"எங்க சாமி நடந்துட்டாரு தாயி."

"எம்புட்டு தூரம்?" என்றான் கௌதம்ராஜ்.

வெங்கடேஸ்வரி அவனை முறைத்தாள். ஆனால் கருத்தம்மா கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"இருபத்திமூணு மீட்டர்."

சாமி நடந்த தூரத்தை மீட்டரில் சொல்லும் பெண்ணை வெங்கடேஸ்வரி இதுவரை பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கருத்தம்மா சொன்னது இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் கூரைக்கடைத் தெருவில் வனமாலா டாக்கீஸ் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் தள்ளி ரோட்டோரத்தில் புளியடி மாடன் பீடம். மூன்றடி உயரம், செங்கல், சுண்ணாம்பு, காவிப் பட்டை. அவள் புருஷன் சோலைச்சாமிதான் பூசாரி. வயிற்றுப் பிழைப்புக்குக் கொத்தனார் வேலை. டாக்கீஸ் முதலாளி விஜயபாண்டி பாதிக் கட்டடத்தை ரெஸ்டாரண்ட் ஆக்கிவிட்டார். படம் பார்க்கலாம், பிரியாணி சாப்பிடலாம். இப்போது அதோடு பாரும் வைக்க லைசென்ஸ் கேட்டிருக்கிறார்.

"டவுனுக்குள்ள கோயிலோ பள்ளிக்கூடமோ அம்பது மீட்டருக்குள்ள இருந்தா பார் வைக்கக் கூடாதாம்ல தாயி? ஆளு நடக்குற வழியா, வாசல்ல இருந்து அளப்பாகளாம். நான் துணி அளக்குற டேப்ப வச்சு அளந்தேன். மாடன் முப்பத்தெட்டுல இருந்தாரு. மனு போட்டேன்."

"இப்போ?"

"திங்கக்கிழமை விடியல்ல பாத்தா முக்குத் திரும்பி ரேஷன் கடைப் பக்கம் நிக்காரு. அறுபத்தி ஒண்ணு. தெருவுல கேட்டா, எப்பவும் அங்கனதான இருக்காருங்காக. எனக்குத்தான் புத்தி பிசகிருச்சாம்."

"போட்டோ இருக்கா?"

"மாடனை ஆரு படம் எடுப்பா? கண்ணு போயிரும்."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

காற்றில் மடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டீ குடிக்கப் போனவிய. இன்னைக்கு வியாழன். வரல. போனும் எடுக்கல. ஸ்டேசன்ல எழுதிக் குடுத்தேன். கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பாரு, வந்துருவாருன்னாக." அவள் குரல் இறங்கியது. "எம்மவன் பாண்டிச்செல்வம் ரெண்டு வருசத்துக்கு முந்தி குடிச்சுட்டு வண்டியில போயித்தான் செத்தான். எங்க தெருமுக்குலயே ஒரு பார் வேண்டாம்னுதான் மனு போட்டேன். அந்த மனுவுக்காக அவியளையும் கொன்னுட்டானுகளோ என்னமோ. பத்தரைக்கு கலால் ஆபீசர் அளக்க வாராரு. அதுக்குள்ள அவிய இருக்காகளா இல்லையான்னு மட்டும் சொல்லு தாயி."

மேஜையில் போன் அடித்தது. வெங்கடேஸ்வரி எடுத்தாள்.

"சாமி நடந்த கதையத் தேடிப் போனீங்கன்னா," என்றது ஒரு ஆண்குரல், நிதானமாக, "நீங்களும் நடந்துதான் வீடு போய்ச் சேரணும். வண்டி இருக்காது."

போன் வைக்கப்பட்டது. அவள் வாசலை இரண்டு தடவை பார்த்தாள். கௌதம்ராஜிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"பாவம், நம்ம வேனப் பத்தி அவனுக்குத் தெரியல. இப்பவும் பாதி தூரம் தள்ளிக்கிட்டுத்தான போறோம்?"

"கிளம்பு."

"பயமா இல்லையாக்கா?"

"இருக்கு. அதான் சீக்கிரம் போவோம்ங்கிறேன்."

கூரைக்கடைத் தெருவில் அவர்கள் இறங்கியபோது மணி ஒன்பதரை. வெயில் பளீரென்று அடித்தது. ஆனால் தெரு, சாவு விழுந்த தெரு மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசியது. கருத்தம்மாவைப் பார்த்ததும் பூக்கடைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சைக்கிள் கடைக்காரர் உள்ளே போய்விட்டார்.

"எல்லாக் கடையும் விஜயபாண்டிக்குச் சொந்தம்," என்று முணுமுணுத்தாள் கருத்தம்மா. "வாயத் தொறந்தா காலி பண்ணச் சொல்லிருவாரு."

டீக்கடை வேல்பாண்டி மூன்று கிளாஸை நீட்டினான். வெங்கடேஸ்வரி மெதுவாகக் கேட்டாள்.

"அந்த முக்குல இருக்கிற மாடன் பீடம் எத்தனை வருஷமா அங்கே இருக்கு?"

"நான் பொறந்ததுல இருந்து."

"முன்னாடி இந்தப் பக்கம் இருந்ததா?"

"இல்லக்கா. எப்பவும் அங்கனதான்." அவன் கண்ணைப் பார்க்காமல் சொன்னான்.

சொல்லிவிட்டு, தூக்குவாளியில் டீயை எடுத்துக்கொண்டு எதிர்வரிசை செல்போன் கடைக்குப் போனான். நேராகப் போனால் பத்து எட்டு. நடுவில் ரோட்டோரமாக ஒரு சதுரம் புதிதாகச் சிமெண்டு பூசிக் கிடந்தது. வேறு எதுவும் இல்லை. வேல்பாண்டி அந்த இடத்துக்கு வந்ததும் வளைந்தான். வெறும் தரையைச் சுற்றிக்கொண்டு போனான். வரும்போதும் அப்படியே சுற்றி வந்தான்.

வெங்கடேஸ்வரி டீயை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

வன்னியம்பட்டிப் பக்கமிருந்து ஒரு மினிபஸ் வந்தது. வெறும் சிமெண்டுச் சதுரத்தைக் கடக்கும்போது டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். முக்குத் திரும்பியபோது அங்கே காவிப் பட்டையும் மாலையுமாக நின்ற பீடத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஹாரனும் இல்லை.

"அக்கா," என்றான் கௌதம்ராஜ். "தெருவுல வாய் பூராம் பொய் சொல்லுது. கால் மட்டும் சொல்ல மாட்டேங்குது."

"அதை எழுதி அதிகாரிகிட்ட கொடுக்க முடியாது. வா."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சதுரத்தின் ஓரத்தில் குத்தவைத்தாள். பூச்சு வழவழவென்று இருந்தது. கைதேர்ந்த கொத்தனார் வேலை. ஆனால் நடுவில் ஒரு இடம் மட்டும் நிறம் மாறியிருந்தது. கைமுட்டி அளவு. கொண்டை ஊசியால் தட்டினாள். உள்ளே காலியாக இருப்பது போல ஒலித்தது.

"பெரியம்மா, பீடத்தைத் திருட வந்தவன் அதுக்கு அடியில ஏன் ஒரு குழி தோண்டணும்? இத்தனூண்டு குழி?"

கருத்தம்மா குனிந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பிடிமண்ணு," என்றாள்.

"புரியல."

"சாமிய ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோறதுன்னா பீடத்தக் கொண்டுபோனாப் பத்தாது தாயி. அடியில இருந்து மூணு பிடி மண்ணு எடுக்கணும். அந்த மண்ணுலதான் சாமி வருவாரு. அத பூசாரி கைதான் எடுக்கணும். வேற ஆளு தொட்டா ரத்தம் கக்கிச் செத்துருவான்." அவள் சிமெண்டை உள்ளங்கையால் தடவினாள். "எங்க வம்சத்துல இப்போ அவிய ஒருத்தர்தான் பூசாரி."

"திருட வந்தவனுக்குப் பீடம் தள்ளிப்போனாப் போதும். பக்தி இருக்கிறவன்தான் மண்ணையும் எடுப்பான்," என்றாள் வெங்கடேஸ்வரி. "உங்க வீட்டுக்காரர் கையாலதான் இது நடந்திருக்கு. பிடிமண் எடுத்தவருக்கு விரதம் ஏதாவது உண்டா?"

"கையில காப்புக் கட்டிக்கிடணும். மண்ண எறக்கி வைக்கிற வரைக்கும் தரையில வைக்கக் கூடாது. வீட்டு நிலைப்படியத் தாண்டக் கூடாது. எடுத்த இடம் கண்ணுக்குத் தெரியுற தூரத்துலதான் தங்கணும்."

"அதான் நாலு நாளா வீட்டுக்கு வரல. அப்போ உயிரோட இருக்கார். இந்த இடம் தெரியுற தூரத்துல."

கருத்தம்மா அழவில்லை. சேலை முந்தியை வாயில் திணித்துக்கொண்டாள்.

வெங்கடேஸ்வரி தலையை உயர்த்தித் தெருவை ஒரு சுற்றுப் பார்த்தாள். பயத்தில் இன்னொரு சுற்றும் பார்த்தாள். இரண்டாவது சுற்றில்தான் அது கண்ணில் பட்டது. வனமாலா டாக்கீஸின் உச்சியில், பழைய ஆபரேட்டர் ரூமின் சின்ன ஜன்னல். அதன் விளிம்பில் நான்கு காகங்கள்.

"கௌதம், சாப்பாட்டுக் கடையில காக்கா எங்கே கூடும்?"

"பின்வாசல்ல. எச்சில் இலைக்கு."

"மூணாவது மாடி ஜன்னல்ல ஏன் கூடுது?"

கௌதம்ராஜ் அண்ணாந்து பார்த்தான். "எவனோ சாப்பிடுறதுக்கு முந்தி சாமிக்கும் காக்காவுக்கும் எடுத்து வைக்கான்."

ரெஸ்டாரண்டின் முன்பக்க ஷட்டர் பாதி திறந்திருந்தது. கவுண்ட்டரில் மேனேஜர் வினோத், எலுமிச்சம்பழங்களைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னும் திறக்கல மேடம்."

அந்தக் குரல். காலையில் போனில் கேட்ட அதே நிதானம்.

"லெமன் ஜூஸ் இருக்கா?" என்றான் கௌதம்ராஜ். "ஆணி போட்டது."

வினோத்தின் முகம் மாறியது. அவன் கவுண்ட்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே போனான். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் ஷட்டர் கடகடவென்று கீழே இறங்கியது. பூட்டு விழும் சத்தம் கேட்டது. பிறகு வெளியிலிருந்து அவன் குரல்.

"அளந்து முடிக்கிற வரைக்கும் உள்ள இருங்க. ஏசி போட மாட்டேன்."

இருட்டு. கௌதம்ராஜ் செல்போன் விளக்கைப் போட்டான். சாப்பாட்டு மேஜைகளுக்கு அப்பால் திறந்திருந்த கதவு வழியே தியேட்டர் ஹால் தெரிந்தது. வெளிச்சம் பட்ட இடத்திலெல்லாம் காலி நாற்காலிகள், யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி மடங்கி நின்றன.

"மணி பத்தேகால்," என்று கிசுகிசுத்தான். "ஜீப் வர இன்னும் கால் மணி நேரம். கத்தலாமா?"

"யார் வந்து திறப்பா? மேலே போவோம்."

கருத்தம்மா முன்னால் நடந்தாள். பால்கனிப் படியில் அவர்களுடைய காலடிச் சத்தம் எதிரொலித்துத் திரும்பி வந்தது. பின்னால் நான்காவது ஆள் நடந்துவருவது போல இருந்தது. வெங்கடேஸ்வரி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. யாரும் இல்லை என்பதே பயமாக இருந்தது.

ஆபரேட்டர் ரூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ மூச்சு விடும் சத்தம்.

"நான்தான்," என்றாள் கருத்தம்மா.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

சோலைச்சாமி தாடியும் சிவந்த கண்ணுமாக நின்றார். வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. கழுத்தில் தொட்டில் மாதிரி கட்டிய காவித் துண்டு, அதில் ஒரு சின்ன முடிச்சு. முடிச்சை இரண்டு கையாலும் நெஞ்சோடு தாங்கியிருந்தார்.

"சாப்பிட்டியளா?" என்றாள் கருத்தம்மா.

கேட்ட பிறகுதான் சுவரோரம் கிடந்த காலி டப்பாக்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் வனமாலா ரெஸ்டாரண்ட் என்று அச்சடித்திருந்தது. பன்னிரண்டோ பதிமூன்றோ இருக்கும். அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை.

"உங்களை அடைச்சு வச்சிருந்தாங்களா?" வெங்கடேஸ்வரி கேட்டாள்.

"இல்ல தாயி." அவர் பின்புறம் இருந்த இரும்புக் கதவைக் காட்டினார். "அந்தப் பக்கம் வெளிப்படி இருக்கு. தீ கீ பிடிச்சா ஆபரேட்டர் எறங்குறதுக்கு. கொண்டிய நான்தான் போட்டுக்கிட்டேன்."

"அப்போ யாருக்குப் பயந்து உள்ளே இருக்கீங்க?"

சோலைச்சாமி மனைவியைப் பார்த்தார். உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

"விஜயபாண்டி கூப்பிட்டுச் சொன்னாரு. லைசென்ஸு வரலன்னா, பீடம் ரோட்ட மறிக்குன்னு மனுக் குடுப்பேன், ஜேசிபி வரும்னாரு. ஜேசிபிக்காரனுக்கு மாடன் ஏது, மண்ணு ஏது? அள்ளிக் குப்பையில கொட்டிருவான். மகனத்தான் ரோட்டுல இருந்து அள்ளிட்டு வந்தோம், சாமியையும் அள்ளணுமா? எங்கையால எடுத்து வச்சா ஒரு இடமாச்சும் மிஞ்சும்னு நெனச்சுட்டேன்."

"அப்ப முக்குல நிக்கிற மாடன்?" என்றான் கௌதம்ராஜ்.

"வெறும் செங்கல்லு."

"சாமி?"

சோலைச்சாமி நெஞ்சிலிருந்த முடிச்சைக் கண்ணால் காட்டினார். கௌதம்ராஜ் ஓரடி பின்வாங்கிச் செருப்பைக் கழற்றினான்.

"ஏன் இன்னும் அங்கே வைக்கல?"

"எங்க வம்ச வழக்கத்துல பொஞ்சாதி முந்தியில வாங்கித்தான் வைக்கணும். இவள எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன்? நாலு நாளா உக்காந்தபடியே தூங்குதேன். கீழ வச்சாலும் குத்தம். கொண்டுபோனாலும் குத்தம்."

கீழே ஜீப் வந்து நின்றது. ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. கலால் அதிகாரி தங்கப்பாண்டியன் இறங்கினார். வெள்ளைச் சட்டையில் விஜயபாண்டி கும்பிட்டுக்கொண்டே வந்தார். ஒரு ஊழியர் டேப்பின் நுனியை டாக்கீஸ் வாசலில் பிடிக்க, இன்னொருவர் சுருளோடு முக்கை நோக்கி நடந்தார். அவர் சிமெண்டுச் சதுரத்தின் மேலேயே மிதித்துப் போனார். அவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும்.

கௌதம்ராஜ் எட்டிப் பார்த்தான். "நம்ம வேன்ல ரெண்டு டயர் காத்துப் போய்க் கிடக்குக்கா. வினோத் சொன்ன சொல் தவற மாட்டான்."

கருத்தம்மா சேலை முந்தியை விரித்து இரண்டு கையாலும் ஏந்தினாள்.

"ஏட்டி, எங்க வைக்கப் போற?" என்றார் சோலைச்சாமி.

அவள் முந்தியை இறக்கவில்லை.

"ஜேசிபி வரும்ட்டி. நான் சும்மா சொல்லல. வந்துரும்."

முந்தி அப்படியே இருந்தது. அவர் முடிச்சை அவிழ்த்தார். மூன்று பிடி செம்மண் அவள் முந்தியில் விழுந்தது. அவள் அதை முடிந்துகொண்டு, இரும்புக் கதவின் கொண்டியை நீக்கி, வெளிப்படியில் இறங்கினாள்.

படி முடிந்த இடம் ரேஷன் கடைச் சந்து. அங்கிருந்து தெருவுக்கு வர, முக்கிலிருந்த பீடத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அவள் செருப்புக் காலோடு அதைத் தாண்டினாள். சிமெண்டுச் சதுரத்துக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினாள். ஒரு கல்லை எடுத்து, நிறம் மாறிய இடத்தில் ஓங்கிக் குத்தினாள். பூச்சு உள்ளே விழுந்தது. முந்தியை அவிழ்த்து மண்ணைக் குழிக்குள் இறக்கினாள்.

"ஏய் கிழவி! ரோட்ட உடைக்கியா?" விஜயபாண்டி கத்தினார். "சார், இது மூள கலங்குன கேசு. மாடன் அங்கதான் இருக்காரு பாருங்க."

அதிகாரி டேப்பைப் பிடித்த ஊழியரையும் கருத்தம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். டீக்கடை வாசலில் வேல்பாண்டி கிளாஸைக் கீழே வைத்தான். விஜயபாண்டியை ஒரு தடவை பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, குழிக்கு முன்னால் கும்பிட்டு நின்றான். அடுத்து பூக்கடைக்காரி வந்தாள். சைக்கிள் கடைக்காரரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

வெங்கடேஸ்வரி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து கத்தினால் தெருவே அவளைப் பார்க்கும். விஜயபாண்டியும் பார்ப்பார். அவள் ஜன்னல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சார்!"

எல்லோரும் அண்ணாந்தார்கள். குரல் பிசிறியது. ஆனாலும் விடவில்லை.

"கும்பிடுற இடம் எதுன்னு யாரையும் கேக்காதீங்க சார்! செருப்பு எங்கே கழண்டு கிடக்குன்னு பாருங்க! டேப்ப அங்கே வைங்க!"

தங்கப்பாண்டியன் குனிந்து பார்த்தார். சிமெண்டுச் சதுரத்தைச் சுற்றி நான்கு ஜோடிச் செருப்புகள். முக்குப் பீடத்தின் முன்னால் ஒன்றுகூட இல்லை. அந்த நேரம் பார்த்து மினிபஸ் திரும்பி வந்தது. கூட்டத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, இரண்டு தடவை ஹாரன் அடித்தது. டிரைவர் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்.

அதிகாரி ஊழியரைக் கையசைத்துத் திரும்பக் கூப்பிட்டார். டேப்பின் சுருள் பின்னோக்கி வந்து குழியின் ஓரத்தில் நின்றது.

"முப்பத்தெட்டு இருபது சார்."

அவர் எழுதிக்கொண்டார். விஜயபாண்டி செல்போனை எடுத்துக் காதில் வைத்தபடி, ஆபரேட்டர் ரூம் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அவசரமும் இல்லை. வெங்கடேஸ்வரி சுவரோரம் ஒதுங்கினாள்.

"ஜேசிபிக்குத்தான் போடுறாரு," என்றார் சோலைச்சாமி மெதுவாக.

அவர் மணிக்கட்டிலிருந்த காப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். மண் இறங்கிவிட்டது. இனி வீட்டு நிலைப்படியைத் தாண்டலாம். அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"கருத்தம்மா! நான் வீட்டுக்கு வரட்டா?"

கீழே கருத்தம்மா முந்தியை உதறினாள். ஒட்டியிருந்த மண்ணைக் கையால் தட்டிக் குழியிலேயே விட்டாள். ஒரு செருப்பை மாட்டினாள். இன்னொன்றை மாட்டினாள்.

"ஏட்டி, வரட்டான்னு கேக்கேன்ல?"

அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பி, ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிக்க நடந்து போனாள்.